எல்லாத்தையும் நானே பார்க்கணும்ங்கிற பிடியை விடுறது எப்படி? துணிஞ்சு முடிவெடுக்கவும் ஒழுங்கா ஓய்வெடுக்கவும் ஒரு முழு வழிகாட்டி

திருப்பூர்ல இருபது முப்பது மெஷின் ஓடுற எந்த சின்ன யூனிட்டுக்கு வேணா போங்க, இப்படி ஒரு ஓனரை பார்க்கலாம். காலையில கதவு திறக்கும்போதே வந்து நிப்பாரு, நூல் கோன் வந்தா அவரே எண்ணுவாரு, லேபிள் பில்லுல பத்து ரூபாய் வித்தியாசம்னா கடைக்கு அவரே போன் போடுவாரு, கட்டிங் டேபிள் பக்கத்துல நகராம நிப்பாரு, மதியம் கொண்டுவந்த சாப்பாடு டப்பாவுலயே ஆறிப்போய் கிடக்கும், நைட் ஒன்றரை ஷிஃப்ட் முடிஞ்சு ஷட்டர் இறக்கி வண்டியை ஸ்டார்ட் பண்ணப்புறமும் இறங்கி வந்து பூட்டை இன்னொருக்கா இழுத்துப் பார்ப்பாரு. "நாம இல்லைன்னா ஒண்ணும் நடக்காதுங்க"ன்னு சொல்லுவாரு. அது உண்மைதான், ஏன்னா அவர் இல்லாம எதுவும் நடக்காத மாதிரி அமைச்சு வெச்சிருக்கறதே அவர்தான்.

நான் மெர்ச்சண்டைசிங் பக்கம் இருக்கறவன், ஆர்டரை எடுத்துக்கிட்டு யூனிட் யூனிட்டா அலையுறதுதான் பொழப்பு, அதனால உதாரணமெல்லாம் பனியன் கம்பெனியில இருந்துதான் வரும். ஆனா ஐடில டீம் லீடா இருக்கறவங்க, ஹோட்டல் நடத்துறவங்க, வீட்டுல சமையல்கட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவங்க எல்லாருக்கும் இது அப்படியே பொருந்தும்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன், இந்த குணத்தை யாரும் வேணும்னு வளர்த்துக்கறதில்ல. நாலு மெஷின் போட்டு ஆரம்பிச்சப்ப எல்லாத்தையும் தானே பார்த்ததுனாலதான் கம்பெனி தப்பிச்சுது. அன்னைக்கு அது சரி. முப்பது மெஷின் ஆனப்புறம் அதே பழக்கம் தொண்டையில சிக்கின முள்ளு மாதிரி ஆயிடுது, ஏன்னா ஒவ்வொரு விஷயமும் ஒரே ஆளைத் தாண்டித்தான் போயாகணும், அந்த ஆளு நைட்டு அஞ்சு மணி நேரம்தான் தூங்கியிருக்காரு.

முதல்ல, இது பொறுப்பா இல்ல பிடியான்னு பாருங்க

பொறுப்பா இருக்கறவருக்கும் எல்லாத்தையும் பிடிச்சு வெச்சிருக்கறவருக்கும் வெளியில இருந்து பார்த்தா வித்தியாசம் தெரியாது. நான் பார்க்கற அடையாளம் ஒண்ணே ஒண்ணுதான்: நீங்க பார்த்ததால அந்த வேலையில ஏதாவது மாறுச்சா? பத்து தடவை செக் பண்ணி பத்து தடவையும் "சரி, போடுங்க"ன்னு மட்டும் சொன்னீங்கன்னா அது செக்கிங் இல்ல, மனசை சமாதானப்படுத்திக்கறது.

1975ல எல்லன் லாங்கர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. ஒரு டாலர் லாட்டரி டிக்கெட்டை சில பேருக்கு அவங்களே பார்த்து எடுக்க விட்டாங்க, சில பேருக்கு கையில கொடுத்துட்டாங்க. அப்புறம் இதை திருப்பி விக்க எவ்வளவு வேணும்னு கேட்டா, கையில கொடுக்கப்பட்டவங்க சராசரியா 1.96 டாலர் கேட்டாங்க, தானே எடுத்தவங்க 8.67 டாலர் கேட்டாங்க. ரெண்டு டிக்கெட்டுக்கும் பரிசு விழுற வாய்ப்பு ஒண்ணுதான். நம்ம கை பட்டா நல்லா வரும்ங்கிற நெனப்பு லாட்டரியிலயே இந்த பாடு படுத்துதுன்னா, நாமளே உருவாக்கின கம்பெனியில எவ்வளவு படுத்தும்.

ஓவர்கன்ட்ரோல்னு இதுக்கு சைக்காலஜியில பேரே இருக்கு. தாமஸ் லிஞ்ச்ங்கறவரு இப்படிப்பட்டவங்களுக்குன்னே ஆர்ஓ டிபிடின்னு ஒரு தெரபியை உருவாக்கினாரு. கட்டுப்பாடு அதிகமா இருந்தா நல்லதுதானேன்னு எல்லாரும் நினைக்கறோம், அளவுக்கு மிஞ்சின சுயகட்டுப்பாடே ஒரு பிரச்சனைன்னு பார்க்கறதுதான் அதோட அடிப்படை. அதனால இந்த வழிகாட்டியை எடுத்து ஒரு எக்செல் ஷீட் போட்டு ஒரு படி விடாம பர்ஃபெக்டா பண்ணிடலாம்னு கிளம்பிடாதீங்க. அதுவும் அதே வியாதிதான்.

ஒரு வாரம் எழுதுங்க

திங்கள்ல இருந்து சனி வரைக்கும், உங்ககிட்ட வந்த ஒவ்வொரு கேள்வியையும் ஒரு நோட்டுல ஒரு வரியா எழுதுங்க. மொபைல்ல வேண்டாம், எடுத்தா வாட்ஸ்அப் உள்ள போயிடுவீங்க. யாரு கேட்டாங்க, என்ன கேட்டாங்க, நான் என்ன சொன்னேன், அவ்வளவுதான். சனிக்கிழமை சம்பளம் போட்டு முடிச்சப்புறம் உக்காந்து பார்த்தீங்கன்னா பக்கம் இப்படித்தான் இருக்கும்: ஊசி வாங்கலாமா, வாங்கு. டீக்கு வடையா பன்னா, ஏதாவது ஒண்ணு. ஓவர்லாக் மெஷின்ல ஆள் வரல, நான் வர்றேன். பாலிபேக் சைஸ் மாறி வந்திருக்கு, திருப்பி அனுப்பு. டையிங்ல இருந்து ஷேடு வந்திருக்கு, சாயங்காலம் பார்க்கறேன். இதுல கடைசி ஒண்ணுதான், சாயம் போட்டு வந்த கலர் சரியாங்கறதுதான், உங்களுக்கான கேள்வி, அதைத்தான் சாயங்காலத்துக்குத் தள்ளி வெச்சிருப்பீங்க. மத்தது எல்லாத்துக்கும் ஓடி ஓடி பதில் சொல்லியிருப்பீங்க.

பிடியை விடாதவங்க முடிவெடுக்கறதுல கெட்டிக்காரங்கன்னு நாம நினைக்கறோம், நான் பார்த்த வரைக்கும் நிலைமை தலைகீழ். சின்னதை எல்லாம் கையில வெச்சுக்கறதே பெரிசை தள்ளிப்போட ஒரு வழி.

கிரிட்டிக்கல், மேஜர், மைனர்: பையர் கத்துக்கொடுத்த பாடம்

எக்ஸ்போர்ட்ல இருக்கறவங்களுக்கு இது தெரியும், தெரியாதவங்களுக்காக சொல்றேன். பையருக்கு, அதாவது ஆர்டர் கொடுத்த கம்பெனிக்கு, 3000 டீசர்ட் பேக் ஆகி ரெடியா இருக்குன்னு வெச்சுக்குங்க. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்ற ஆளு 3000த்தையும் பிரிச்சுப் பார்க்க மாட்டாரு. எத்தனை பீஸ் எடுத்துப் பார்க்கணும், எத்தனை தப்பு வரைக்கும் ஒத்துக்கலாம்னு சொல்ற ஏக்யூஎல் டேபிள்னு ஒண்ணு இருக்கு, அதுப்படி, வழக்கமான லெவல் டூவுல, 125 பீஸ் எடுப்பாரு. மேஜர் டிஃபெக்டுக்கு, அதாவது பெரிய தப்புக்கு, ஏக்யூஎல் 2.5னு வெச்சா அந்த 125ல 7 வரைக்கும் வந்தா பாஸ், 8 வந்தா ஃபெயில். லூஸ் நூல் மாதிரி மைனருக்கு 4.0 வெச்சு இன்னும் கொஞ்சம் தாராளம். ஆனா கிரிட்டிக்கல்னு ஒண்ணு இருக்கு, துணிக்குள்ள உடைஞ்ச ஊசித்துண்டு கிடைச்சா அது ஒண்ணே போதும், மொத்த லாட்டும் நின்னுடும், அங்க பேச்சே இல்ல. அதனாலதான் ஊசி உடைஞ்சா எல்லா துண்டையும் தேடிப் பிடிச்சு ரிஜிஸ்டர்ல ஒட்டுறோம்.

இந்த சாம்பிளிங் கணக்கு எல்லாம் அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல ஹெரால்ட் டாட்ஜ், ஹாரி ரோமிக்னு ரெண்டு பேரு போட்ட அடித்தளத்துல வந்தது, ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ராணுவ சப்ளைக்கு பெரிசா பயன்பட்டுச்சு. யோசிச்சா நியாயம்தான், தோட்டா நல்லா இருக்கான்னு பார்க்க எல்லாத்தையும் சுட்டுப் பார்த்துட்டா சண்டைக்கு எதை கொண்டுபோறது?

இப்ப கேள்வி என்னன்னா, அவ்வளவு கறாரான பையர் கூட 125ல 7 தப்பை ஒத்துக்கிட்டு கையெழுத்து போடுறான், ஆனா நீங்க உங்க சூப்பர்வைசருக்கு ஒரு தப்பு கூட கொடுக்கறதில்ல. கண்ட்ரோலை விடுறதுன்னா கண்ணை மூடிக்கறதுன்னு அர்த்தமில்ல. எங்க ஜீரோ, எங்க கொஞ்சம், எங்க தாராளம்னு முன்னாடியே பிரிச்சு எழுதிட்டு அதுப்படி நடக்கறதுதான். மத்த எல்லா படியும் இதுல இருந்துதான் கிளைக்குது.

நோட்டுல எழுதின கேள்வி ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு எழுத்து போடுங்க. திருப்பி எடுக்க முடியாதது, ஆளுக்கு அடிபடக்கூடியது, பேரு கெட்டுப்போறது எல்லாம் 'கி'. கட்டிங் அதுக்கு நல்ல உதாரணம், துணியை விரிச்சு வெட்டிட்டா வெட்டினதுதான், சைஸ் தப்புன்னா அழுதாலும் ஒட்டாது. அதனால பல்க் கட்டிங்குக்கு ஓகே சொல்றது, லேப் டிப் (முதல்ல சின்ன துண்டுல சாயம் போட்டு காட்டுற சாம்பிள்) ஷேடு அப்ரூவல், பையர்கிட்ட விலையும் டெலிவரி தேதியும் வாக்கு கொடுக்கறது, கரண்ட் வயரிங், பாய்லர், இதெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும். காசு கொடுத்தா சரியாகுறது, கொஞ்சம் நேரம் போனா சரியாகுறது எல்லாம் 'மே'. எப்படி பண்ணாலும் பரவால்லைங்கறது 'மை'. யாரை எந்த மெஷின்ல உக்கார வைக்கறது, டீ எத்தனை மணிக்கு, கார்ட்டனை எந்த மூலையில அடுக்குறது எல்லாம் அதுல போகும். 'கி' போட்டது ஏழெட்டுக்கு மேல இருந்தா நீங்க ஏமாத்துறீங்க, திரும்பப் பிரிங்க.

பிஎஃப், இஎஸ்ஐ 15ந்தேதிக்குள்ள, மாசாமாசம் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போடுறவங்களுக்கு 20ந்தேதி, இந்த மாதிரி விஷயங்களை வெச்சுக்கிட்டு நைட்டு ரெண்டு மணிக்கு முழிச்சுக்கறவங்க நிறைய பேரு. இதுக்கு கவலை தேவையில்ல, தேதி தேவை. காலண்டர்ல மூணு நாள் முன்னாடி ஒரு அலாரம், ஆடிட்டர் ஆஃபீஸ்ல ஒரு ஆளு, முடிஞ்சுது.

'கி'ல துணிஞ்சு முடிவெடுக்கறது

தைரியம் வந்தப்புறம் முடிவெடுக்கலாம்னு காத்திருந்தா தைரியம் வராது, முடிவெடுத்து எடுத்துத்தான் தைரியம் வரும். ஆனா குருட்டுத்தனமா எடுக்கறதும் துணிச்சல் இல்ல. அதுக்கு ஒரு முறை இருக்கு, ஒரு ஆர்டரை வெச்சே பார்ப்போம்.

5000 பீஸ், 45 நாள்ல ஷிப்மெண்ட், விலை கொஞ்சம் டைட்டு, எடுக்கலாமா வேண்டாமா? வழக்கமா என்ன நடக்கும்னா மச்சானுக்கு போன், நூல் கடைக்காரருக்கு போன், பழைய பார்ட்னருக்கு போன், ஒருத்தர் எடுங்கம்பாரு இன்னொருத்தர் வேண்டாம்பாரு, மூணு நாள் ஓடிடும், கடைசியில பையர் வேற யூனிட்டுக்குப் போயிடுவான், அப்ப "நல்லவேளை எடுக்கல"ன்னு நம்மளை நாமளே தேத்திக்கறது.

அதுக்கு பதிலா முதல்ல ஒரு நேரம் குறிங்க, நாளைக்கு மதியம் 12 மணிக்குள்ள பதில். அடுத்து, எது தெரிஞ்சா என் முடிவு மாறும்னு கேளுங்க. லைன்ல ஒரு நாளைக்கு 400 பீஸ் வரும்னா 5000த்துக்கு பதிமூணு நாள் ஸ்டிச்சிங், அதுல சிக்கல் இல்ல. செக்கிங், அயர்னிங், பேக்கிங்குக்கு ஒரு வாரம் வைங்க. மிச்ச நாள்ல நூல் வந்து, நிட்டிங் ஆகி, டையிங் போய், காம்பாக்டிங் முடிஞ்சு துணி வரணும். அப்ப மொத்த கேள்வியும் ஒரே இடத்துலதான் மாட்டியிருக்கு: டையிங்ல எப்ப இடம் கிடைக்கும்? மச்சான்கிட்ட கேட்டு புண்ணியமில்ல, டையிங் யூனிட்ல கேக்கணும். ஒரே போன். அவங்க சொல்ற தேதி உள்ள வந்தா எடுங்க, வரலைன்னா தேதியை தள்ளிக் கேளுங்க, பையர் ஒத்துக்கலைன்னா விடுங்க.

முடிவெடுத்த உடனே நோட்டுல ரெண்டு வரி எழுதுங்க: என்ன முடிவு, எதை நம்பி. "எடுத்தாச்சு. டையிங் 18ந்தேதி தர்றேன்னு சொன்னதை நம்பி." இது எதுக்குன்னா, பின்னாடி மழையிலயோ மெஷின் ரிப்பேருலயோ டையிங் லேட்டாச்சுன்னா "எனக்கு அப்பவே தெரியும், எடுத்திருக்கக்கூடாது"ன்னு மனசு புலம்ப ஆரம்பிக்கும். அப்பவே தெரியலைங்கறதுக்கு அந்த ரெண்டு வரிதான் சாட்சி. முடிவு சரியா தப்பான்னு பார்க்கறதும், நடந்தது நல்லதா கெட்டதான்னு பார்க்கறதும் வேற வேற. புதுசா ஒரு தகவல் வந்தா மட்டும் முடிவை திரும்பத் திறங்க, புதுசா ஒரு பயம் வந்தா திறக்காதீங்க.

ஷேடு பார்க்கறதை தனியா சொல்லணும், ஏன்னா முடிவும் ஓய்வும் ஒண்ணா சேருற இடம் அது. லேப் டிப்பை லைட் பாக்ஸ்ல வெச்சு டி65ங்கற பகல் வெளிச்சத்துல பார்க்கறோம், அப்புறம் டிஎல்84ங்கற கடை வெளிச்சத்துல பார்க்கறோம், ஏன்னா பகல் வெளிச்சத்துல ஒத்துப்போற கலர் கடை வெளிச்சத்துல விலகிப்போகும். இதுல சந்தேகப்படுறவரு என்ன பண்ணுவாருன்னா உத்து உத்து பார்ப்பாரு. சிவப்பு கலரை ரெண்டு நிமிஷம் முறைச்சுப் பார்த்தா கண்ணு அந்த கலருக்கே பழகிப்போய் ரெண்டு துண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், இல்லைன்னா இல்லாத பச்சை எல்லாம் தெரியும். அனுபவப்பட்ட டையிங் மாஸ்டர் சில செகண்ட்தான் பார்ப்பாரு, கண்ணை எடுத்து சாம்பல் கலர் சுவத்தைப் பார்ப்பாரு, திரும்ப ஒருக்கா பார்ப்பாரு, "கொஞ்சம் எல்லோ இருக்கு, பி ஆப்ஷன் போங்க"ன்னு முடிச்சுடுவாரு. அவருக்கு அவசரம்னு நினைக்காதீங்க, அதிகமா பார்த்தா தப்பா தெரியும்னு அவருக்கு தெரியும்.

'மே', 'மை' ரெண்டையும் கைமாத்துறது

"இனிமே நீங்களே பாத்துக்கோங்க"ன்னு சொல்றது கைமாத்துறது இல்ல, அது தலையில கட்டுறது. மூணு விஷயம் சொல்லிக் கொடுக்கணும்: எது வரைக்கும் உங்க முடிவு, எதைத் தாண்டினா எனக்கு போன், முடிஞ்சப்புறம் எப்ப சொல்லணும். ரூபாயில சொன்னா குழப்பமே வராது. இரண்டாயிரம் வரைக்கும் ட்ரிம்ஸ் (லேபிள், பட்டன் மாதிரி), ஊசி, ரிப்பேரு எதுக்கும் கேக்க வேண்டாம், பில்லை மட்டும் குத்தி வைங்கன்னு சொல்லுங்க. உங்க யூனிட்டுக்கு ஏத்த மாதிரி தொகையை வெச்சுக்குங்க.

ஆரம்பத்துல போன் வரத்தான் செய்யும், ஏன்னா அவங்களுக்கும் நீங்கதான் பழக்கிவிட்டிருக்கீங்க.

"ஏனுங்ணா, ஓவர்லாக்குக்கு ரெண்டு பேரு வரலைங்க, என்ன பண்றதுங்க?"

"நீங்க என்ன யோசிச்சு வெச்சிருக்கீங்க?"

"மூணாவது மெஷின் அக்காவுக்கு ஃப்ளாட்லாக், ஓவர்லாக் ரெண்டும் வருமுங்க, அவங்கள மாத்தி உக்கார வெச்சா மதியம் வரைக்கும் சமாளிக்கலாம்னு பார்த்தேன். இல்ல நீங்க வந்து ஒருக்கா பார்த்துட்டீங்கன்னா…"

"வேண்டாங்க, நீங்க சொன்னதையே பண்ணிருங்க. ஆள் மாத்துறதுக்கு இனிமே போன் வேண்டாம், சாயங்காலம் சொன்னா போதும்."

இதுல கஷ்டமான இடம் அந்த ரெண்டாவது வரிதான். "இரு வர்றேன்"னு வாய் வரைக்கும் வந்துடும். லிஞ்ச்சோட தெரபியில ஒரு சின்ன பயிற்சி இருக்கு, இந்த இடத்துக்கு அச்சா பொருந்தும்: சேர்ல முன்னாடி குனிஞ்சு உக்காந்திருந்தா பின்னாடி சாயுங்க, ஒரு ஆழமான மூச்சை மெதுவா விடுங்க, வாயை மூடிக்கிட்டு லேசா சிரிங்க, புருவத்தை கொஞ்சம் தூக்குங்க. கேக்க கோமாளித்தனமா இருக்கும். ஆனா உடம்பு ஆபத்து இல்லைன்னு எடுத்துக்கறப்ப குரலும் இறங்குது, எதிர்ல இருக்கறவரு பயமில்லாம அவரோட யோசனையை சொல்றாரு. போன்ல பேசுறப்ப கூட பண்ணலாம், யாரு பார்க்கப் போறாங்க.

தப்பு நடக்கும். நீங்க பண்ணியிருந்தாலும் நடந்திருக்கும்ங்கறது வேற விஷயம். அக்காவை மாத்தினதுல ஃப்ளாட்லாக் மெஷின்ல அம்பது பீஸ் குறைஞ்சுதுன்னு வைங்க, அன்னைக்கு ஒண்ணும் சொல்லாதீங்க, மறுநாள் காலையில அடுத்த தடவை எப்படி பண்ணலாம்னு அவரையே கேளுங்க. கொடுத்த அதிகாரத்தை ஒரு தப்புக்காக புடுங்கினீங்கன்னா அவரு அடுத்த ரெண்டு வருஷத்துக்கு எதையும் யோசிக்க மாட்டாரு, உங்களுக்குத்தான் போன் போடுவாரு. அதே தப்பு மூணு தடவை வந்தா அது வேற பேச்சு, அப்ப அந்த ஆளுக்கு அந்த வேலை ஒத்து வரலை, வேலையை மாத்துங்க.

வீட்டுலயும் இதேதான். மருமகள் பாத்திரத்தை வேற வரிசையில அடுக்குனா அது 'மை'. கேஸ் ட்யூபை மாத்தாம விட்டா அது 'கி'. ரெண்டுக்கும் ஒரே குரல்ல சத்தம் போட்டா ரெண்டாவது காதுலயே விழாது.

பார்க்கறதை நிறுத்தாதீங்க, சாம்பிள் எடுங்க

கைமாத்தின அடுத்த நிமிஷத்துல இருந்து மனசு அரிக்கும். அதுக்கு தீனி போடணும், ஆனா அளவா. ஒரு நாளைக்கு ரெண்டு ரவுண்டு, நேரம் குறிச்சு, பதினொண்ணு மணிக்கு ஒண்ணு நாலு மணிக்கு ஒண்ணு. செக்கிங் டேபிள்ல போய் ஏதோ ஒரு கட்டுல இருந்து பத்து பீஸ் உருவிப் பாருங்க. நல்லா இருந்தா போயிடுங்க. இல்லைன்னா அந்த கட்டை மட்டும் முழுசா பார்க்கச் சொல்லுங்க, நீங்க உக்காந்து பார்க்காதீங்க.

ஏன் எல்லாத்தையும் பார்க்கக்கூடாதுங்கறதுக்கு நேரம் மட்டும் காரணமில்ல. 1948ல நார்மன் மேக்வொர்த் என்கிறவரு பிரிட்டிஷ் விமானப்படை ரேடார் ஆட்களுக்காக ஒரு சோதனை வெச்சாரு. ஒரு முள்ளு அடி அடியா நகர்ந்துக்கிட்டே இருக்கும், எப்பவாவது ரெண்டு அடி சேர்த்துத் தாவும், தாவினா சொல்லணும், ரெண்டு மணி நேரம் உக்காந்து இதைப் பார்க்கணும். முதல் அரை மணி நேரம் தாண்டினதுமே ஆளுங்க கோட்டை விடுறது அதிகமாயிடுச்சு. செக்கிங்ல உக்காந்திருக்கற அக்காங்களுக்கும் இதேதான், உங்களுக்கும் இதேதான். மணிக்கணக்கா உத்துப் பார்த்துக்கிட்டே இருக்கற கண்ணுக்கு நேரா ஓட்டையோட பீஸ் போனாலும் போயிடும்.

ஓய்வு: வேலை முடிஞ்சப்புறம் கிடைக்கற பரிசு இல்ல

"எல்லாம் செட் ஆகட்டும், அப்புறம் ரெஸ்ட் எடுத்துக்கலாம்" என்கிற பேச்சுதான் பெரிய பொறி. எப்பவும் செட் ஆகாது. மெஷினுக்கு ஆயில் விடுறதுக்கு ஷிப்மெண்ட் முடியற வரைக்கும் யாரும் காத்திருக்கறதில்லையே.

நைட் தூக்கத்துல இருந்து ஆரம்பிங்க, மத்தது எல்லாம் அதுக்கு அப்புறம். 1997ல டாசன், ரீட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சது என்னன்னா, 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருக்கறவரோட செயல்திறன், ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவர் அளவுக்கு இறங்கிடுது. நம்ம ஊர்ல வண்டி ஓட்டுறதுக்கு 0.03 தாண்டினாலே கேஸ். காலையில அஞ்சுக்கு எந்திரிச்சவரு ராத்திரி பத்து மணிக்கு பையருக்கு மெயில் போட்டு விலையை ஒத்துக்கறாருன்னா கிட்டத்தட்ட ரெண்டு ரவுண்டு போட்டுட்டு ஒத்துக்கற மாதிரிதான். அதனால ஒரே ஒரு சட்டம்: ராத்திரி எட்டு மணிக்கு மேல 'கி' முடிவு எதுவும் கிடையாது. வெளிநாட்டுல இருந்து மெயில் வந்தா "நாளைக்கு காலையில சொல்றேன்"னு ஒரு வரி, பையர் ஓடிப்போயிட மாட்டான். பெரியவங்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாம தூக்கம் வேணும்ங்கறது எல்லா டாக்டரும் சொல்றதுதான், நான் அமெரிக்காவுக்கு ஷிப்மெண்ட் பண்றேன்னு உடம்புகிட்ட சொன்னா அது கேக்காது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல டீ, காபியை நிறுத்திப் பாருங்க, அந்த கஃபைன்ல பாதி கரையறதுக்கே ஏறக்குறைய அஞ்சு மணி நேரம் ஆகும்.

படுத்தப்புறம் மண்டைக்குள்ள ஓடுறவங்களுக்கு: படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நாளைக்கு முடிவு பண்ண வேண்டியதை ஒரு பேப்பர்ல எழுதி மடிச்சு வெச்சுடுங்க. எழுதினதை மனசு பிடிச்சு வெச்சுக்க வேண்டியதில்ல.

மதிய சாப்பாடு இருபது நிமிஷம், போன் இன்னொரு ரூம்ல. இதை பண்ண முடியலைன்னா மேல சொன்ன எதையும் உங்களால பண்ண முடியாது, அவ்வளவு நேரடியா சொல்றேன். சாப்பிட்டப்புறம் கண்ணைக் கட்டுதுன்னா இருபது நிமிஷம் அலாரம் வெச்சு சேர்லயே சாயுங்க, அதுக்கு மேல போனா எந்திரிக்கும்போது மந்தமா இருக்கும்.

ஞாயித்துக்கிழமை கம்பெனி லீவு, ஆனா ஓனர் "சும்மா போய் ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடுறேன்"னு கிளம்புவாரு. அந்த சாவியை வீட்டுல வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க, விளையாட்டுக்குச் சொல்லல. ஓய்வுன்னா படுத்து ரீல்ஸ் தள்ளுறது மட்டும் இல்ல, கோயிலுக்குப் போறது, தோட்டத்துல தண்ணி விடுறது, புள்ளைங்களோட கேரம் ஆடுறது, எதுவா இருந்தாலும் அதுல உங்க உத்தரவுக்கு யாரும் காத்திருக்கக்கூடாது. சில பேரு குடும்பத்தோட ஊட்டிக்குப் போய் அங்கயும் எல்லாரும் எத்தனை மணிக்கு குளிக்கணும்னு டைம்டேபிள் போடுவாங்க, அது இடம் மாத்தி அதே ஷிஃப்ட் பார்க்கறது.

இடையில ஒண்ணு. பூட்டை நாலஞ்சு தடவை திரும்பிப் போய் பார்த்தாலும் அடங்கல, வேலையும் தூக்கமும் கெடுதுன்னா, நெஞ்சு படபடப்பு தினமும் வருதுன்னா, நோட்டும் பேனாவும் பத்தாது. டெலிமானஸ் 14416க்கு போன் பண்ணா தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது, அங்க இருந்து எந்த டாக்டரைப் பார்க்கணும்னும் சொல்லுவாங்க. திரும்பத் திரும்ப செக் பண்ற பழக்கத்துக்கு நல்ல சிகிச்சை இருக்கு.

ரெண்டு நாள் இல்லாம போய்ப் பாருங்க

இதெல்லாம் ஒரு மாசம் ஓடினப்புறம் வேலை நடக்கற ரெண்டு நாளுக்கு ஊருக்குப் போங்க. தீபாவளி லீவுல போறது கணக்குல வராது, அப்ப திருப்பூரே காலியா கிடக்கும். நடு வாரத்துல, லைன் ஓடும்போது போகணும். பல்க் கட்டிங் இருக்கற வாரமா பார்த்துப் போகாதீங்க, அது வீரம் இல்ல.

போறதுக்கு முந்தின நாள் சூப்பர்வைசர்கிட்ட மூணு விஷயத்துக்கு மட்டும் போன் பண்ணச் சொல்லுங்க: ஆளுக்கு அடிபட்டா, தீ, கரண்ட் பிரச்சனைன்னா, பையர் நேர்ல வந்து நின்னா. மத்ததுக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு அவரு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவாரு, அதை நீங்க கேக்கணும், பதில் போடக்கூடாது. சிசிடிவி ஆப்பை போன்ல இருந்து எடுத்துடுங்க, இல்லைன்னா பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்து யாரு டீக்கு எத்தனை நிமிஷம் போனாங்கன்னு பார்த்துக்கிட்டு இருப்பீங்க. முதல் நாள் மதியம் வரைக்கும் கை நமநமன்னு இருக்கும், போன் வரலையேன்னு கூட கவலை வரும், நம்மளை மறந்துட்டாங்களோன்னு ஒரு கோவம் வரும். அது வரட்டும், அதுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம்.

திரும்பி வந்த அன்னைக்கு நேரா லைனுக்குள்ள போய் விசாரணை நடத்தாதீங்க. உக்காந்து சூப்பர்வைசர்கிட்ட ரெண்டே கேள்வி: "எந்த இடத்துல எனக்கு போன் போடலாமான்னு யோசிச்சீங்க? அங்க நீங்களா என்ன பண்ணீங்க?" அவரு சொல்றதை நோட்டுல எழுதுங்க. அவரு சரியா பண்ணினதுக்கு பக்கத்துல 'கி'ன்னு இருந்தா 'மே'ன்னு மாத்துங்க. எங்க திணறினாரோ அதை வெச்சு அடுத்த ரூபாய் அளவையும், அடுத்து என்ன சொல்லிக்கொடுக்கணும்ங்கறதையும் முடிவு பண்ணுங்க. பத்து பீஸ் உருவிப் பார்க்கற வேலையை பதினொண்ணு மணிக்கு வெச்சுக்குங்க, அதுக்கு முன்னாடி வேண்டாம்.